நேப்பிள்ஸில் விட்ட பூட்ஸ்

இன்று வெயில் ஏறுகிற நேரத்தில், மயிலாப்பூரில் டிராம் வண்டி நின்று திரும்பும் இடத்தில், எல்லோரும் இறங்கிய பிறகு பார்த்தால் பெஞ்சுக்கு அடியில் ஒரு ஜோடி வெள்ளை கான்வாஸ் பூட்ஸ். யாரோ ஒரு மகானுபாவர் அதைக் கழற்றி வைத்துவிட்டு, பெஞ்சின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து வந்திருக்கிறார். இடம் வந்ததும் வீட்டுத் திண்ணையிலிருந்து எழுந்து போகிற மாதிரி வெறுங்காலோடு இறங்கிப் போயிருக்கிறார். கையில் எடுத்தேன். உன் கப்பல் பூட்ஸில் அடிக்கிற அதே வெள்ளைப் பூச்சின் வாசனை மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்துவிட்டது, பாய். இப்படிப் பூட்ஸைத் தொலைக்கிற ஆள் உலகத்திலேயே நீ ஒருவன்தான் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாம் இருவரும் கச்சேரி ரோட்டை ஒட்டிய ஒரே சந்தில் பிறந்தவர்கள். நீ கப்பலில் பட்லர் ஆனாய், நான் டிராமில் கண்டக்டர் ஆனேன். உன் வண்டி ஏடன் வழியாகச் சீமைக்குப் போகும். என் வண்டி கோட்டைப் பக்கம் போய்த் திரும்பும். அதைச் சொல்லிச் சொல்லி நீ என்னை வாரியதெல்லாம் மறக்கவில்லை.

ஒரு மழைக்காலத்தில் நான் டிராம் படிக்கட்டுப் பலகையிலிருந்து வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டபோது நீ கடலில் இருந்தாய். முட்டை வெள்ளையும் உளுந்து மாவும் பூசி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார்கள். கட்டைப் பிரித்த வைத்தியர், எலும்பு ஒட்டிவிட்டது, இனி எழுந்து நட என்று சொல்லிவிட்டுப் போனார். சொல்வதற்கென்ன, அவர் காலா? நான் ஒரு முறை ஊன்றினேன். உச்சந்தலை வரை வலித்தது. அத்தோடு சரி. ஒட்டிய எலும்பு மறுபடி படக்கென்று போகப்போகிறது என்ற பயம் எனக்குள் புகுந்துகொண்டது. டிப்போவில் பொங்கல் வரை பார்ப்போம், அப்புறம் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். நாள் முழுக்க நின்றுகொண்டே பார்க்கிற வேலை. கால் இல்லாதவனுக்கு அங்கே என்ன இருக்கிறது? என் பெண்சாதி கெஞ்சிப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள், பிறகு பேசுவதையே விட்டுவிட்டாள்.

லீவில் வந்த நீ நேராக என் கட்டிலுக்கு வந்து நின்றாய். உன்னைப் பார்த்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. எவனும் எனக்கு நடக்கச் சொல்லித் தர வேண்டாம் என்று எடுத்த எடுப்பிலேயே கத்தினேன்.

"உன்ன யாரு நடக்கச் சொன்னா?" என்றாய். "நேப்பிள்ஸ்ல கப்பல் நின்னுகினு கீது. எறங்கி ஊரப் பாக்கறியா, இன்னா நைனா?"

அந்த ஊரை நீ பார்த்த கதையை அப்போதுதான் சொன்னாய். கப்பல் இத்தாலியில் நேப்பிள்ஸ் துறைமுகத்தில் நின்றபோது, ஊர் பார்க்கப் போன துரைமார், துரைசானிகளோடு சாப்பாட்டுக் கூடையும் குடைகளும் சுமக்க உன்னை அனுப்பினார்களாம். குதிரை வண்டியில் பெரிய மாதா கோயில் வரை போய், அங்கிருந்து கப்பல் வரை நடந்தே திரும்புவதாக ஏற்பாடு. ஊரைச் சுற்றிக்காட்ட ஒரு கைடு. கோயில் வாசலில் துரைமார் தொப்பியைக் கழற்றினார்கள். நீ பூட்ஸைக் கழற்றினாய். சாமி இருக்கிற இடத்துக்குள் பூட்ஸோடு போக உனக்குக் கால் வருமா? கைடு எல்லோரையும் வேறு வாசல் வழியாக வெளியே கூட்டிப் போய்விட்டான். உன் பூட்ஸ் அந்த வாசலிலேயே நின்றுவிட்டது. அதற்குள் கூட்டம் நடக்க ஆரம்பித்துவிட்டது.

அப்புறம் பூட்ஸ் என்ன ஆயிற்று என்று கேட்டேன். "மாதா கோயிலாண்ட வா, சொல்றேன்" என்றாய். நம் நேப்பிள்ஸில் கப்பல் என் கட்டில். மாதா கோயில், கச்சேரி ரோட்டுக் கோடியில் இருக்கிற சாந்தோம் கோயில். கைடு காட்டிய வழியை நீ தலைகீழாகப் போட்டிருந்தாய். ஏன் என்று கேட்டதற்கு, இங்கே நான்தான் கைடு என்று வாயை அடைத்துவிட்டாய்.

முதல் நாள் கட்டிலிலிருந்து வாசற்படி வரை. அது கப்பலின் இறங்குபலகை. குறுக்கே சட்டம் அடித்திருக்கும், விரலை அதில் கொடு, குதிகால் தானாக வரும் என்றாய். மறுநாள் சந்து முனைக் கிணற்றடி. அதுதான் துறைமுகத்துக் கோட்டை. எனக்கு எரிச்சல்.

"கோட்டை எவ்ளோ ஒசரம்?"

"அத்த யாரு பாத்தா? வாசக் கல்லு ஜில்லுனு கீது. அதுல கால வெச்சிக்க."

இப்படி ஒரு கைடை நான் கேள்விப்பட்டதே இல்லை. ராஜா அரண்மனை எப்படி இருக்கும் என்று கேட்டால், முன்னால் திறந்த வெளி, கல்லெல்லாம் அடுப்பு மாதிரி சுடும், சீக்கிரம் தாண்டிவிடு என்பாய். மீன் கடைத்தெருவில் செதில் உள்ளங்காலில் ஒட்டிக்கொள்ளும். நெரிசலான சந்துகளில் மேலே கட்டிய கொடியில் துணி காயும்; அது கழுத்தில் சொட்டியதில்தான் உனக்கே தெரிந்ததாம். கண்ணாடிக் கூரை போட்ட பெரிய கடைவீதி ஒன்று. அண்ணாந்து பார்க்கத்தான் ஜனங்கள் அங்கே போவார்களாம். நீ அதன் தரையைப் பற்றியே ஒரு சாயங்காலம் முழுக்கப் பேசினாய். பல நிறக் கல்லில் கோலம் போட்டிருந்தது, மிதிக்க மனசு வரவில்லை, ஓரமாகத் தாண்டித் தாண்டிப் போனேன் என்றாய். இதைச் சொன்ன இடத்தில், ஒரு வீட்டு வாசலில், நிஜமாகவே ஒரு கோலம் இருந்தது. நானும் மிதிக்காமல் காலை எட்டிப் போட்டேன். போட்ட பிறகுதான், முறிந்த காலை எட்டிப் போட்டிருக்கிறேன் என்பது உறைத்தது. நீ உன் தோள்மேல் இருந்த என் கையை மெதுவாக எடுத்து விட்டாய்.

நாளுக்கு நாள் வழி நீண்டது. ரோட்டில் இருந்தவர்கள் நம்மைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் அவர்களைத் திட்டினேன், வலித்தால் உன்னைத் திட்டினேன். கடைசியில் ஒரு மாலை சாந்தோம் கோயில் வாசலுக்கு வந்து சேர்ந்தோம். மூச்சு வாங்கப் படியில் உட்கார்ந்தேன். உன் பக்கம் திரும்பி, இப்போது சொல்லு, பூட்ஸ் என்ன ஆயிற்று என்றேன்.

நீ சிரிப்பாய் என்று நினைத்தேன். நீ சிரிக்கவில்லை.

"அங்கியே கீது நைனா. திரும்பிப் போயி எத்துகினு வரேன்னு கேட்டேன். நேரமில்ல, நடன்னுட்டாங்க. ஒரு துரைசானி என் காலக் காட்டிச் சிரிச்சுது. கல்லு சுடுது, கண்ணாடி ஓடு வேற கெடக்குது. கீழயே பாத்துகினு நடந்தேன். அந்த ஊர்ல தரையத் தவிர ஒண்ணும் பாக்கல." கோயில் வாசலைக் கையால் காட்டினாய். "அன்னிக்குத் திரும்பி வர விடல. இப்போ உன்கூட வந்துட்டேன்."

எனக்காக நீ அலைகிறாய் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். உள்ளே இப்படி ஒரு சூட்டை வைத்துக்கொண்டுதான் எனக்குக் குளிர்ந்த கல்லாகப் பார்த்துக் காட்டினாயா? அந்த துரைசானி எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும் என்று சொல்ல இன்றைக்கும் எனக்கு மனசு வரவில்லை.

இருவரும் செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனோம். அந்த மாதாவுக்கு நீயும் வேற்று மதத்தான், நானும் வேற்று மதத்தான். ஆனாலும் நின்று கும்பிட்டோம். போன வாசல் வழியாகவே வெளியே வந்தோம். வீடு வரை உன் தோளைத் தொடாமல் நடந்தேன்.

பொங்கலுக்கு முன்பே வண்டியில் ஏறிவிட்டேன். நீ கப்பலுக்குப் போனாய், வந்தாய், மறுபடி போனாய். ஏடன் தாண்டிக் காய்ச்சல் கண்டு நீ போய்விட்டதாகவும், கடலிலேயே அடக்கம் செய்துவிட்டதாகவும் உன் அக்காவுக்குத் தகவல் வந்தது. போய் உட்கார ஒரு கபர்கூட எனக்கு வைக்காமல் போய்விட்டாய், பாய். அதனால் நான் சாந்தோம் கோயில் படியில் போய் உட்கார்ந்துகொள்கிறேன். பின்னால் கடல் இருக்கிறது. நேப்பிள்ஸ் கோட்டை எவ்வளவு உயரம் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. அதன் வாசல் கல் ஜில்லென்று இருக்கும் என்று தெரியும். கால் வலிக்கிற மழை நாளில் அதன்மேல்தான் காலை வைக்கிறேன்.

இன்றைய கதையைச் சொல்லி முடித்துவிடுகிறேன். பூட்ஸை டிப்போவில் ஒப்படைத்துவிடலாம், மணியை அடி என்றார் வண்டி ஓட்டுகிறவர். கயிற்றில் கை வைத்தேன். அப்போது ரோட்டுக் கோடியில் கோட்டும் பஞ்சகச்சமுமாக ஒருவர் வருவது தெரிந்தது. தார் கொதிக்கிறது. நுனிக்காலில் தாவித் தாவி, கீழேயே பார்த்துக்கொண்டு வருகிறார். இரண்டு பேர் அவரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

வண்டியை விட்டு இறங்கினேன். "அங்கியே நெழல்ல நில்லுங்க சார், நானே வரேன்" என்று குரல் கொடுத்துவிட்டு, பூட்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன். பின்னால் வண்டி ஓட்டுகிறவர் கத்தினார். கத்தட்டும். வெறுங்காலோடு வந்தவரின் காலடியில் பூட்ஸைக் குனிந்து வைத்தேன். அவர் கூச்சத்தோடு, பழக்கதோஷம் அப்பா, மறந்துட்டேன் என்றார்.

ஒரு ஜோடியாவது திரும்பி வந்து சேர்ந்துவிட்டது, பாய்.