டிஜிட்டல் மட்டும் போதும்

10-6-2007, ஞாயிறு

பம்மல் வட்டாரத்தின் வானொலி விஞ்ஞானி அத்தாவுல்லாவாகிய நான், இன்று பிரியாணிக்குப் பிறகு வரலாற்று அறிவிப்பு ஒன்றை வெளியிட்டேன். டெல்லியில் டிஜிட்டல் ஒலிபரப்பைச் சோதிக்கிறார்களாம். பேப்பரில் நான்கே வரி. நாற்பது நிமிடம் விளக்கினேன்.

"ஆறே மாசம்! அப்புறம் நாட்டுல இருக்கிற பழைய ரேடியோ அத்தனையும் செங்கல்!"

ஜஹீரா அக்கா தன் ரேடியோவைத் தடவிப் பார்த்தாள். சர்க்கரை அவள் கண்ணைக் கொண்டுபோன பிறகு அதுதான் கடிகாரம். காலை ஆறே முக்கால் செய்தி முடிந்தால் மாத்திரை. ஸ்டேஷனைத் தடவியே கண்டுபிடிக்க, டயலில் முள் நிற்க வேண்டிய இடத்தில் தீக்குச்சித் துண்டு ஒட்டிக் கொடுத்தவனும் நான்தான்.

லண்டனிலிருந்து அவள் மகன் பர்வேஸ் போனில் கேட்டான்: "மாமா, பழசு புதுசு ரெண்டும் எடுக்கிற செட்டா வாங்கிட்டு வரவா?"

"டிஜிட்டல் மட்டும் போதும்டா. உன் பேரன் கல்யாணத்துக்கும் அது பாடணும்."

8-7-2007

பர்வேஸ் வந்தான், செட்டும் வந்தது. அக்கா பழையதைத் தெருமுனைப் பூக்காரி கங்கம்மாவுக்குக் கொடுத்துவிட்டாள். "செங்கல் ஆகிறதுக்குள்ள ஆறு மாசம் அவளாவது கேக்கட்டும்."

புது செட்டில் இருமல் சத்தம்கூட இல்லை.

"சிக்னல் கிளம்பிடுச்சு, விந்திய மலை ஏறிக்கிட்டிருக்கு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. நம்பிவிட்டாள்.

15-7-2007

விமானத்துக்குக் கிளம்புமுன் பர்வேஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். லண்டனில் இருப்பது டி.ஏ.பி. என்ற முறை, டெல்லியில் சோதிப்பது டி.ஆர்.எம். என்ற வேறு முறை. "ஒண்ணுக்கு வாங்கின செட் இன்னொண்ணுக்கு ஆகாது மாமா. அது இங்க பேசவே பேசாது. அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க."

சொல்கிறேன்.

16-7-2007

சொல்லவில்லை.

22-7-2007

தாம்பரம் மார்க்கெட்டில் அக்காவின் பழையதைப் போலவே மீடியம் வேவ் ரேடியோ வரிசையாகத் தொங்குகிறது. கடைவரை போனேன். வாங்கினால் விஞ்ஞானி தோற்றான் என்று ஊரே சிரிக்கும் — எந்த ஊர்? இரண்டு மச்சான்கள், ஒரு சம்பந்தி. அவர்களுக்காகவா?

வாழைப்பழம் வாங்கிக்கொண்டு திரும்பினேன். அக்கா அந்த ஊமைப் பெட்டியில் காதை வைத்து உட்கார்ந்திருந்தாள். "மலை தாண்டிடுச்சாடா?"

"பாதி வந்திடுச்சு" என்றேன். என்ன பிறவி நான்?

29-7-2007

இன்று காலை அக்கா மயங்கி விழுந்தாள். சர்க்கரை மாத்திரையை இரண்டு தடவை போட்டுவிட்டிருக்கிறாள். சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, ஆட்டோவில் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடி — நல்லவேளை. கண் திறந்ததும் சொன்னாள்: "நேரம் தெரியலடா. போட்டேனா இல்லையான்னு குழம்பிட்டேன்."

திரும்பும்போது, விஷயம் கேள்விப்பட்ட கங்கம்மா பிடித்துக்கொண்டாள். "இன்னா பாய் நீ! ஒரு வார்த்த கேட்டா அந்த ரேடியோவ நானே எட்தாந்து குட்த்திருப்பேனே. பெரிய பெரிய விசயமா பேசிக்கினு கீற, இத்த கேக்க வாய் இல்லியா?"

இல்லை.

30-7-2007

மார்க்கெட்டுக்கு ஓடினேன், வாங்கினேன். தீக்குச்சி ஒட்டினேன். ஒரு நூல் தள்ளி ஒட்டிவிட்டது; பிய்த்து மறுபடி ஒட்டினேன்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். விந்திய மலையையும்.

அக்கா தீக்குச்சியை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு, "அப்போ நான் தினம் அதுல காதை வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேனே..."



12-8-2007

மாத்திரை நேரத்துக்கு நடக்கிறது. அக்கா என்னோடு அளவாகத்தான் பேசுகிறாள்.

காலையில் எதிர்வீட்டு லாசரஸ் வந்தார். "அண்ணா, எல்லாம் டிஜிட்டல் ஆவுதாமே, இப்போ டிவி வாங்கலாமா, பொறுக்கலாமா? உங்களுக்குத்தான் எல்லாம் தெரியும்."

வாய் வரைக்கும் வந்தது, ஒரு இமயமலையே வந்தது. விழுங்கினேன்.

"எனக்குத் தெரியாது லாசரஸ்."

உள்ளே செய்தி வாசித்துக்கொண்டிருந்த ரேடியோவின் சத்தம் குறைந்தது.

"என்ன சொன்னே?" என்றாள் அக்கா. "இன்னொரு தடவை சொல்லு."