பெயர் இருக்கும் வரை தோண்டுவார்கள்

மறுகுடியமர்வு நாள் 143. காலை 9:10

செவ்வாய், மேற்குக் குகை, சமூகப் பணி அலுவலகம். பதிவு செய்பவர் வேதமாணிக்கம், சமூகப் பணி அலுவலர். உதவிக்கு இருந்த இருவரையும் நாள் 90இல் நீர்ப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். இப்போது துறை என்பது நான் ஒருவன்தான்.

பதிவேட்டில் 75 பெயர்கள். பழைய குடிகள் 41. கிழக்குக் குகையிலிருந்து வந்தவர்கள் 33. காணாமற்போனவர் 1.

இதைக் கண்டெடுப்பவருக்கு எங்கள் கதை தெரிந்திருக்க வேண்டியதில்லை. நூற்று நாற்பத்து மூன்று நாளுக்கு முன்பு கிழக்குக் குகையின் கூரை இடிந்தது. அங்கே உப்புநீர் எடுத்துக்கொண்டிருந்த குடும்பங்கள் பெரும்பாலும் தூத்துக்குடி உப்பளங்களிலிருந்து வந்தவை. எல்லோரும் அடைக்கல அறைக்கு ஓடினார்கள். பதினொரு பேர் இன்னும் வெளியே இருக்கும்போதே கட்டுப்பாட்டு அறையில் யாரோ பொத்தானை அழுத்திக் கதவை மூடிவிட்டார்கள். யார் என்று விசாரணை இன்று வரை சொல்லவில்லை.

தப்பியவர்கள் இந்தக் குகைக்குள் கால் வைக்க மறுத்தார்கள். இங்கேயும் ஓர் அடைக்கல அறை, இங்கேயும் ஒரு பொத்தான். இரண்டு நாள் அவர்களோடு நுழைவுக் கூடத்தின் தரையில் உட்கார்ந்து பேசி ஓர் உடன்படிக்கை எழுதினேன். அடைக்கல அறைக் கதவுக்குப் பொத்தான் கிடையாது. பதிவேட்டில் உள்ள அத்தனை பேரும் உள்ளே வந்த பிறகுதான் அது தானாக மூடும். ஒரு பெயரை நீக்க வேண்டுமானால், அவர் இறந்துவிட்டார் என்று அவருடைய உறவினர் தம் குரலில் சொல்ல வேண்டும். காணாமற்போனவர் ஒருவர் பெயராவது இருக்கும் வரை கிழக்கில் தோண்டும் எந்திரம் நிற்காது.

இருபத்தாறு ஆண்டுப் பணியில் நான் உருப்படியாகச் செய்தது இது ஒன்றுதான். தலைமையகத்துக்குப் போன அறிக்கையில் இது ‘இயக்குநர் சாருலதாவின் முன்முயற்சி’ என்று இருக்கிறது. சாருலதா கல்லூரியில் எனக்கு இரண்டு ஆண்டு இளையவர். புயல் முகாம் ஒன்றில் நான் முந்நூறு குடும்பங்களை நேரில் கண்டு எழுதிய குறிப்புகள் அவருடைய முனைவர் பட்டமாயின. முன்னுரையில் நன்றி சொல்லியிருந்தார். என் பெயரைப் பிழையாக அச்சிட்டிருந்தார்.

இன்றைய வீட்டு வருகைகள் மூன்று. ஒரு புகார். கிழக்குக்காரர்கள் பக்கத்து வீட்டுக்குப் பயறு அவித்துக் கொடுத்திருக்கிறார்கள். மேற்குக்காரர்கள் பாத்திரத்தைக் கழுவி வெறுமையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பத்து நாளாக இரு வீட்டிலும் பேச்சில்லை. இனி ஒரு பிடி உப்பாவது போட்டுத் திருப்பும்படி மேற்குக்காரர்களிடம் சொன்னேன். வழக்கு முடிந்தது. இதற்கு இரண்டு படிவங்கள் நிரப்ப வேண்டும்.

நாள் 144. காலை 10:30

வந்த செய்திகள் இரண்டு.

இயக்குநர் சாருலதா: “வேதமாணிக்கம் சார், மறுகுடியமர்வு நிறைவு அறிக்கை அனுப்பணும். பதினொண்ணுல பத்துக் குடும்பம் சொல்லிட்டாங்க. அந்த ஒரு பெயர் இருக்கிற வரைக்கும் ‘நிறைவு’ன்னு போட முடியல. நீங்க பேசினா கேப்பாங்க.”

பொறியாளர் ரகோத்தமன்: “கண்ணீர்த் துறைக்கு வணக்கம். பயிற்சி நடத்துறப்ப நான் அந்தப் பேரைத் தாண்டிப் போகச் சொல்லிடறேன், கதவு மூடிடுது. நிஜமா ஏதாவது ஆச்சுன்னா தாண்ட முடியாது, உங்க உடன்படிக்கை விடாது. செத்தவருக்காகக் கதவு காத்துக்கிட்டு நிக்கும். எழுத்துல குடுத்துட்டேன். அப்புறம் என்னைக் கேக்காதீங்க.”

இரண்டையும் கோப்பில் சேர்த்தேன். என் துறைக்குப் பட்டப்பெயர் வைப்பவருக்கு நான் பதில் அனுப்புவதில்லை.

நாள் 146. மாலை 4:20

வீட்டு வருகை: பாக்கியத்தாய், வயது 44. கணவர் சொரிமுத்து, காணாமற்போனவர்களில் மிஞ்சிய ஒரே பெயர். அடுத்த அறைக்காரர் மூக்கையாவும் இருந்தார். கிழக்கு மக்களுக்குப் பெரியவர் மாதிரி. அவருடைய மகனும் அந்தப் பதினொருவரில் ஒருவன். ஒலிப்பதிவிலிருந்து:

மூக்கையா: “ஃபார்ம் சார் வந்துட்டாரு. இன்னைக்கு என்ன கலர் ஃபார்ம், சார்?”

பாக்கியத்தாய்: “ஒக்காருங்க சார். அந்த ஒண்ணத் தவிர வேற எது வேணாலும் கேளுங்க. பேரு இருந்தாத்தான தோண்டுவாவ? எடுத்துட்டா மிசினு நின்னு போவும். கதவுக்கு வெளிய நிறுத்துன மனுசன், எலும்பாவது உள்ள வரட்டும்.”

மூக்கையா: “என் மவன் பேர ரெண்டாம் மாசமே எடுத்துட்டேன். என்ன கொறஞ்சி போச்சி?”

பாக்கியத்தாய்: “ஒமக்கு ஒண்ணும் கொறயல. நீரு தூக்கத்துல அவன்ட்ட பேசுதது செவுரு வழியா எனக்குத்தான் கேக்கு.”

நான் வற்புறுத்தவில்லை. துக்கத்தில் இருப்பவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது பணி நெறி. அறிக்கையில் அப்படியே எழுதினேன்.

நாள் 149. காலை 10:52

அபாய ஒலி. பள்ளிக்கூடப் பாதைக்கு மேலே கூரையில் விரிசல். காற்று கசிகிறது. எல்லோரும் அடைக்கல அறைக்கு.

11:04

அறை வாசல். கதவின் மேல் உள்ள பலகை: உள்ளே 74. வராதவர் 1. கதவு திறந்தே நிற்கிறது.

ரகோத்தமன் என்னைப் பார்த்தார். ஏதாவது சொல்லியிருக்கலாம்.

பெயர் நீக்கும் குரலைச் சேர்க்க வேண்டிய பதிவேடு என் அலுவலகத்தில் மட்டும்தான் இருக்கிறது. அடைக்கல அறையிலும் ஒன்று வேண்டும் என்று நாள் 30இல் எழுதினேன். தேவை எழவில்லை என்று பதில் வந்தது. கையொப்பம் சாருலதா. முகமூடி மாட்டிக்கொண்டு கிளம்புகிறேன். நாற்பது நிமிடக் காற்று.

11:15

அலுவலகம் வந்துவிட்டேன். எனக்குப் பின்னால் நடைவழியின் அவசரத் தடுப்பு இறங்கிவிட்டது. அந்தப் பக்கம் அழுத்தம் வேகமாகக் குறைவதால் அது இனித் திறக்காது. இந்தப் பக்கத்திலும் காற்று கசிகிறது. மூன்று முறை முயன்றேன்.

இதை அவர்களிடம் இப்போது சொல்லவில்லை. பலகை இனி ‘உள்ளே 73, வராதவர் 2’ என்று காட்டும்.

11:17

பேசுகருவி வேலை செய்கிறது. அறையின் பலகையும் அழுத்தமும் இங்கே திரையில் தெரிகின்றன. எல்லாம் பதிவாகிறது. என் பேச்சையும் எழுதுகிறேன்.

நான்: “பாக்கியத்தாயம்மா. கதவு மூட அந்த ஒரு வார்த்தையை நீங்கள் சொல்ல வேண்டும்.”

பாக்கியத்தாய்: “என்னைய ஏன் சார் கேக்கிய? மூடச் சொல்லுங்க.”

நான்: “யாரும் மூட முடியாது. நாம்தானே அப்படி எழுதி வாங்கினோம்.”

பாக்கியத்தாய்: “சொன்னா மிசினு நின்னுருமா?”

நான்: “நிற்கும்.”

பாக்கியத்தாய்: “அவுக செத்தத நீங்க பாத்தியளா?”

நான்: “இல்லை.”

பாக்கியத்தாய்: “பாக்காம என்னைய எப்படிச் சொல்லச் சொல்லுதிய?”

மூக்கையா: “ஏளா, சொல்லித் தொலைளா! பிள்ளையளுக்கு மூச்சு வாங்குது!”

பாக்கியத்தாய்: “சத்தம் போடாதேரும். நீரு சொன்னீரு. நான் கேட்டுக்கிட்டா இருந்தேன்?”

11:22

அறை அழுத்தம் 61 சதவீதம். நாற்பதுக்குக் கீழே போனால் பெரியவர்களும் ஒவ்வொருவராக மயங்குவார்கள்.

அவள் முடிவெடுப்பதற்குள் இதை எழுதிவிட வேண்டும். பணி நெறி என்று எழுதினேன் அல்லவா? அது முழு உண்மை இல்லை. அந்தப் பெயர் இருக்கும் வரை சாருலதாவால் ‘நிறைவு’ என்று எழுத முடியாது. ஒவ்வொரு மாதமும் அவர் எனக்குக் கெஞ்சி எழுத வேண்டியிருந்தது. அது எனக்கு இனித்தது. ரகோத்தமன் சொன்னது சரி என்று படித்த அன்றே தெரியும். அவர் சொன்னார் என்பதாலேயே ஒதுக்கினேன். அன்று மாலையே அவளிடம் போய், அம்மா, ஓர் ஆபத்து இருக்கிறது, தோண்டுவதற்கு வேறு ஏற்பாடு கேட்போம், சேர்ந்து கேட்போம் என்று சொல்லியிருக்கலாம். சமூகப் பணி என்றால் அதுதான். நான் அவளைக் காக்கவில்லை. அவளுடைய மறுப்பைப் பயன்படுத்திக்கொண்டேன்.

11:29

அழுத்தம் 54. மேற்குக்காரர் வீட்டுச் சிறுமி ஒருத்தி மயங்கிவிட்டாள். பாத்திரத் தகராறு நடந்ததே, அந்த வீடு.

பாக்கியத்தாய்: “இந்தப் பிள்ளைக்காவச் சொல்லுதேன். எழுதிக்கிடுங்க சார்.”

(சிறுமியின் மூச்சு இரைவது கேட்கிறது.)

பாக்கியத்தாய்: “அவுக செத்துட்டாவ.”

கணவர் பெயரை வாயால் சொல்லும் வழக்கம் அவளுக்கு இல்லை. பதிவேட்டுக்கும் அது வேண்டியதில்லை. சொரிமுத்துவின் வரிசையில் நான் அந்தக் குரலைச் சேர்த்தால் போதும். சேர்த்தேன்.

11:30

கிழக்கிலிருந்து தானியங்கிச் செய்தி: தோண்டும் எந்திரம் நின்றது. கடைசி ஆழம் 214 மீட்டர்.

11:31

பலகை: உள்ளே 73. வராதவர் 1.

அது நான்.

11:36

உண்மையைச் சொன்னேன். தடுப்பு திறக்காது, நான் வர முடியாது, என் பெயரை நீக்க வேண்டும். நீக்க உறவினர் குரல் வேண்டும். என் வரிசையில் உறவு என்ற இடத்தில் ‘இல்லை’ என்று இருக்கிறது. நானே நிரப்பியது. என் பெயரை நானே நீக்க முடியுமா என்று பார்த்தேன். முடியாது. ஒருவர் தன்னைத் தானே நீக்கிக்கொள்ளக் கூடாது என்று உடன்படிக்கையில் எழுதியதும் நான்தான். அந்த வாரத்தில் அப்படி எண்ணியவர்கள் சிலர் இருந்தார்கள்.

ஆனால் ஒரு வழி உண்டு. குடும்பத்தை முழுவதும் இழந்தவர்கள் புதிதாக உறவு சொல்லிக்கொள்ளலாம். யார் வேண்டுமானாலும் குரலில் ஏற்றுக்கொண்டால் பதிவேடு உறவென்று எடுத்துக்கொள்ளும். யாராவது முன்வாருங்கள் என்றேன்.

சாருலதா: “சார்... நான் சொல்றேன். நான் உங்களுக்கு... நாம ஒண்ணாப் படிச்சோம்.”

படித்தது உறவாகாது என்று பதிவேடு மறுத்துவிட்டது. எந்திரத்துக்குக்கூடத் தெரிகிறது. இந்த நிலையிலும் இப்படி எழுதுகிறேன். அவர் அழுதுகொண்டிருந்தார். அதையும் எழுதிவிடுகிறேன்.

பாக்கியத்தாய்: “எனக்கு அண்ணாச்சின்னு எழுதிக்கிடுங்க. கூடப் பொறக்கல, இருந்தா என்ன.”

பதிவேடு ஏற்றது. உறவு: தங்கை.

நான்: “நன்றியம்மா. இப்போது அந்த வார்த்தை.”

பாக்கியத்தாய்: “அத நான் இன்னொரு மட்டம் சொல்ல மாட்டேன்.”

நான்: “அழுத்தம் நாற்பத்தெட்டு.”

பாக்கியத்தாய்: “எத்தனையோ இருக்கட்டும். ஒரு நாளைக்கு ஒண்ணு போதும். பேசுத ஆள எப்படிச் செத்துட்டாவன்னு சொல்லுவேன்? நீங்க வாங்க. கதவு நிக்கும்.”

மூக்கையா: “ஆமா சார். யாருக்கும் மூடாதுன்னு எழுதுனது நீங்கதான? இப்ப ஒங்களுக்கு மட்டும் மூடணுமாக்கும்? ஃபார்ம்ல அப்படி எடமில்ல. எப்படியாச்சும் வந்து சேருங்க.”

வேறு குரல்களும். வாங்க சார். வாங்க.

இருபத்தாறு ஆண்டில் யாரும் என்னை வா என்று

11:43

அழுத்தம் 43. என் முகமூடியில் காற்று குறைவு. எழுத்து கோணுகிறது.

பதிவேடு குரல் யாருடையது என்று மட்டும் பார்க்கும். எப்போது சொன்னது, யாரைப் பற்றிச் சொன்னது என்று பார்க்காது. 11:29க்கு அவள் சொன்னது பதிவில் இருக்கிறது. அதில் பெயர் இல்லை.

பேசுகருவியில் சொன்னேன்: “தடுப்பு திறந்துவிட்டது. வருகிறேன். வாசலில் கூட்டம் போடாதீர்கள், உள்ளே தள்ளிப் போங்கள்.” ஆரவாரம் கேட்டது.

11:46

என் வரிசையில் அந்தக் குரலைச் சேர்த்தேன்.

ஏற்றது.

பலகை: பதிவு 73. உள்ளே 73. கதவு மூடிவிட்டது. அறை அழுத்தம் ஏறுகிறது. 44. 47.

11:48

கண்டெடுப்பவருக்கு. பதிவேட்டில் என் பெயருக்கு எதிரே இருக்கும் குரல் எனக்காகச் சொன்னதில்லை. பாக்கியத்தாய் மறுத்தாள். இரண்டு முறை கேட்டேன், இரண்டு முறையும் மறுத்தாள். ஒருவர் சம்மதம் இல்லாமல் அவர் வார்த்தையைப் பயன்படுத்தியது என் குற்றம். அவள் மீது இல்லை. இதை அவளிடம் படித்துக் காட்ட வேண்டும். அவளுக்கு எழுதப் படிக்க நன்றாகத் தெரியும், ஆனாலும் யாராவது கூட இருந்து படிக்க வேண்டும். தனியாகக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள்.

எந்திரம். 214 மீட்டர். அதைத் திரும்ப ஓட்டச் சொல்லி விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறேன். சாருலதா கையொப்பமிட வேண்டும். அவர் பெயரிலேயே போகட்டும். பரவாயில்லை

11:51

கை

பேசுகருவியின் தானியங்கிப் பதிவு, அடைக்கல அறையிலிருந்து:

பாக்கியத்தாய்: “அண்ணாச்சி, கதவு மூடிட்டு. எந்தப் பக்கம் நிக்கிய? கூட்டத்துல ஆளு தெரியல. கைய ஒசத்துங்க.”