ஹைட்ரூன் அறையின் சூடு

நவம்பர் 3, ஞாயிறு

மீன் வளர்ப்போர் சங்கத்தில் இன்று என் மானம் போயிற்று. பெண் என்று நம்பி நான் டப்பாவில் கொண்டுபோன இரண்டு குஞ்சுகளையும் வோல்ஃப்ராம் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். என்னைப்போலவே ஆயுசெல்லாம் குள்ள சிக்லிட் மீன் வளர்த்தவன். அவன் கண்ணுக்குத் தப்பாது.

"டேய் எக்ஹார்ட், ரெண்டும் ஆம்பளைடா. பெரியவன் அடிப்பானேன்னு பொம்பளை வேஷம் கட்டிக்கிட்டுத் திரிஞ்சிருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். ஆக, ஏப்ரலில் பொரித்த குஞ்சுகள் அத்தனையும் ஆண்தான். இந்த மீனில் பொரித்த முதல் சில வாரம் தண்ணீர் சூடாக இருந்தால் குஞ்சுகள் ஆணாகும், கொஞ்சம் குளிர்ந்திருந்தால் பெண்ணாகும். பள்ளிப்பிள்ளைக்குக்கூடத் தெரிந்த பாடம்.

"ஊருக்கெல்லாம் ரேடியேட்டர் மாட்டினவனுக்குத் தன் தொட்டிக்கு எவ்வளவு சூடுன்னு தெரியலையா?" என்றான். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டான். ஏன் சூடு என்று அவனுக்குத் தெரியும்.

தொட்டி இருப்பது கூடத்தில். என் மனைவி ஹைட்ரூனின் கட்டிலும் வசந்தத்தில் அங்கே வந்துவிட்டது. நோய் அவள் உடம்பிலிருந்து முதலில் எடுத்துக்கொண்டது சூட்டைத்தான். அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் ஐந்தாம் எண்ணில், முழுச் சூட்டில், இருந்தால்தான் அவள் விரல்கள் விரல்களாக இருக்கின்றன. அந்த வெக்கையில் தொட்டியும் சேர்ந்து காய்கிறது.

இந்த வம்சத்தில் மிச்சம் ஒரே பெண் மீன். கிழவி. இன்னும் ஒருமுறை முட்டையிட்டால் அதிகம். வேறு யாரிடமும் இந்த மீன் இல்லை. அவளோடு முடிந்தது.

நவம்பர் 5

ஹைட்ரூனிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள், இருமல் வரும்வரை. "எனக்கு வாய்ச்சதெல்லாம் ஆம்பளைங்கதான். நீ ஒண்ணு, பெத்தது ரெண்டு, இப்ப தொட்டி நிறையா."

நான் உள்ளே நுழைந்தாலே மீன்கள் தேங்காய்ச் சிரட்டைக்குள்ளும் ஓக் சருகுக்குள்ளும் ஒளிந்துகொள்கின்றன. அவள் எதிரில் மட்டும் உலாவுமாம். "நீ வர்றது அலமாரி நடந்து வர்ற மாதிரி இருக்கு. நான் கிடக்கேன், அதுங்களுக்கு நானும் ஒரு கட்டை." அவள் சொல்லித்தான் என் மீன்களின் செய்தி எனக்குத் தெரிகிறது.

நவம்பர் 9

தொட்டியைப் பின்னறைக்கு மாற்றலாமா என்று கேட்டேன். அங்கே குளிர். பெண் குஞ்சு கிடைக்கும்.

"அதையும் தூக்கிட்டா நான் என்ன, சுவத்தையா பார்த்துக்கிட்டுக் கிடக்கிறது?"

கேட்டிருக்கவே கூடாது. முட்டாள்.

நவம்பர் 16

மழைநீர்ப் பீப்பாயில் இன்று ஆடை கட்டியதுபோல் பனிக்கட்டி. உடைத்துத் தொட்டிக்கு ஒரு வாளி எடுத்து வந்தேன்.

நவம்பர் 22

எழுத்து கோணுகிறது. போகட்டும்.

மருந்துக் கடைக்குப் போய்த் திரும்பினேன். கூடம் சில்லென்று இருந்தது. ஹைட்ரூன் கம்பளிக் குல்லாயை இழுத்துவிட்டுக்கொண்டு, இரண்டு போர்வைக்குள், உதடு நீலம் பாரித்துக் கிடந்தாள். ரேடியேட்டர் இரண்டாம் எண்ணில். தாதி யோலாண்டா சமையலறையில் அழுதுகொண்டிருந்தாள். "அவங்கதாங்க குறைக்கச் சொன்னாங்க. வேர்க்குதுன்னாங்க. நம்பிட்டேன்."

கத்தினேன். நோயாளி என்றுகூடப் பார்க்காமல் கத்தினேன். ஏண்டி, ஒரு விரல் நீளம் இல்லாத மீனுக்காக நீ விறைச்சுச் சாகணுமா? நான் கேட்டேனா? யாராவது கேட்டாங்களா?

அவள் பல் கிட்டிக்கொண்டே சொன்னாள்: "நான்தான் கேக்கறேன். எனக்கு ஒரு பொண்ணு வேணும்."

ஐந்துக்குத் திருப்பினேன். சூட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

நவம்பர் 24

இரண்டு நாளாக அவள் என்னோடு பேசவில்லை. உருளைக்கிழங்குச் சூப்பு வைத்துக் கொடுத்தேன். நாலு கரண்டி குடித்தாள். பிறகு, "உப்பு பத்தலை" என்றாள். அப்பாடா.

டிசம்பர் 1, ஞாயிறு

கிறிஸ்துமஸ் வளைவு விளக்கை ஜன்னலில் வைத்து, பண்டிகைக்கு முந்திய நாலு வார அட்வெந்தின் முதல் மெழுகுவர்த்தியை ஏற்றிக்கொண்டிருந்தேன். "எக்ஹார்ட், அசையாதே" என்று கட்டிலிலிருந்து குரல். "கிழவி மஞ்சள் பூசிக்கிட்டா."

எட்டிப் பார்த்தேன். சாம்பலாக இருந்தவள் எலுமிச்சை மஞ்சளாகியிருந்தாள், அதில் கரும்பட்டை; பெண்ணுக்கு மட்டும்தான் இந்த நிறம் வரும். சிரட்டை வாசலில் நின்றுகொண்டு, தன்னைவிட இரண்டு மடங்கு பெரிய புருஷனை மூலைக்கு விரட்டினாள். சிரட்டையின் உள்கூரையில் முட்டை இருக்கும். அவனையும் ஏப்ரல் குஞ்சுகளையும் வலையில் பிடித்துப் பின்னறையில் வேறொரு தொட்டிக்கு மாற்றினேன். இல்லாவிட்டால் கொன்றுவிடுவாள்.

"சூடு?" என்றாள் ஹைட்ரூன்.

"அப்படியேதான் இருக்கும். ஆம்பளையா பொறந்தா பொறக்கட்டும்" என்றேன். மறுத்துப் பேச அவளுக்கு இப்போது தெம்பில்லை.

டிசம்பர் 6

அதிகம் தூங்குகிறாள். மருத்துவர் என்னைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டுப் பேசினார். என்ன சொன்னார் என்று எழுதமாட்டேன்.

ஹாம்பர்க்கிலிருந்தும் ஸ்டுட்கார்ட்டிலிருந்தும் பையன்கள் வருகிறார்கள்.

டிசம்பர் 9

பிற்பகல் முழுவதும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் இருந்தேன். எழுந்தால் விழித்துக்கொள்வாளோ என்று அசையவே இல்லை. கால் மரத்துப்போயிற்று.

விழித்தவள் என்னைப் பார்க்கவில்லை. தொட்டியைப் பார்த்தாள். சிரட்டையிலிருந்து மஞ்சள் தாய் வந்தாள். பின்னால் புழுதி கிளம்பியதுபோல் ஒரு கூட்டம். குஞ்சுகள்! சருகின் மேல் மேயவிட்டாள். உடம்பை ஒரு வெட்டு வெட்டினாள், எல்லாம் அப்படியே தரையோடு படிந்தன. இன்னொரு வெட்டு, எழுந்தன. நான் இங்கே இருக்கும்போது, என் கண் முன்னாலேயே.

"பரவால்லையே" என்றாள் ஹைட்ரூன். "அலமாரி உட்காரக் கத்துக்கிச்சு."

டிசம்பர் 11

காலையில் ஹைட்ரூன் போய்விட்டாள். பையன்கள் இருந்தார்கள்.

யோலாண்டா அவள் கண்களை மூடிவிட்டு, ஜன்னலை அகலத் திறந்தாள், இந்த ஊர் வழக்கம்போல. ஆத்மா போக வழி வேண்டுமே. ரேடியேட்டரையும் அடிக்குழாயில் மூடி அணைத்தாள். பனிக்காற்று அறைக்குள் வந்தது. அவளுக்குக் குளிருமே என்று வாய்வரை வந்துவிட்டது.

டிசம்பர் 18

அடக்கம் முடிந்தது. எல்லோரும் காப்பியும் கேக்குமாக நல்ல வார்த்தை பேசினார்கள். வோல்ஃப்ராம் கூடத்துக்குப் போய் வெகுநேரம் நின்றான். தொட்டியின் வெப்பமானியைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். இந்தக் குளிரில் பெண் குஞ்சு என்று வாயைத் திறந்திருந்தால் அடித்திருப்பேன்.

டிசம்பர் 27

கட்டிலை எடுத்துப் போனார்கள். தரையில் நாலு கால் பதிந்த தடம்.

கூடத்துக்கு ரேடியேட்டர் போடவில்லை. யாருக்குப் போட? தொட்டி ஹீட்டர் மீன் சாகாத அளவுக்குக் காக்கிறது, அவ்வளவுதான். தினம் உள்ளே போய், முட்டையிலிருந்து பொரித்த உயிருள்ள பொடிக் கூனியைச் சொட்டு சொட்டாக விட்டுவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிடுகிறேன்.

ஜனவரி 21

கிழவி செத்தாள். கடைசிவரை குஞ்சுகளை விட்டுக்கொடுக்கவில்லை. தோட்டத்தில் மண் இறுகிக் கிடந்தது, கடப்பாரையால் குத்தித்தான் குழி பறித்தேன்.

பிப்ரவரி 14

வோல்ஃப்ராம் தொலைபேசியில்: "குஞ்சுங்க எப்படி?"

பார்க்கவில்லை என்றேன். தினமும் தீனி போடுகிறவன் பார்க்கவில்லையா என்றான். உண்மையில் பார்க்கவில்லை. பார்க்கத்தான் பயம். ஆணாக இருந்தால் தாங்கமாட்டேன். பெண்ணாக இருந்தால் அது எதனால் என்று தெரியும், அதையும் தாங்கமாட்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

இன்று நாற்காலியைக் கட்டில் இருந்த இடத்தில் போட்டு உட்கார்ந்தேன். சும்மா, கட்டையாக.

முதலில் சருகு அசைந்தது. அப்புறம் ஒன்று வந்தது. இன்னொன்று. சின்ன உடம்பு, வால் நீளாமல் உருண்டையாக. சிரட்டை வாசலுக்காக இரண்டும் மோதிக்கொண்டன. மோதும்போது மஞ்சள் ஏறியது, எலுமிச்சை மஞ்சள், கரும்பட்டை. வேஷம் கட்டினவன் இப்படி மஞ்சளாகமாட்டான். மூன்று எண்ணினேன், நாலு, அதற்குமேல் கண் மறைத்தது.

ஹைட்ரூன், பொண்ணு. ஒண்ணு கேட்டே, வீடு நிறைய இருக்குடி.

வோல்ஃப்ராமைக் கூப்பிட்டேன். அரைமணியில் வந்தான். வாசலிலேயே நின்று கழுத்தை நீட்டிப் பார்த்தான், மூக்கை உறிஞ்சினான். "கூடம் பனிக்கிடங்கா இருக்கு. இனிமே சூடு வெச்சாலும் பொண்ணு பொண்ணுதாண்டா. நீ எதுக்கு விறைக்கறே? போடு."

அவன் போனபிறகு மேசை இழுப்பறையிலிருந்து திருகை எடுத்து மாட்டி, அடிக்குழாயைத் திறந்தேன். ஐந்துக்குத்தான் கை போனது. நவம்பரில் அவள் வைத்திருந்த இரண்டிலேயே நிறுத்தினேன்.

குளிரத்தான் செய்கிறது. அவள் குல்லாயைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மீன்கள் ஒளியவில்லை.