தலைக்கவச உறையில் ஓர் எண்

ஃப்ரைபெர்க், 2 அக்டோபர் 1921

அன்புள்ள அண்ணா,

ஈஸ்டருக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. அண்ணிதான் எழுத விடவில்லை என்று நினைத்துக்கொள்கிறேன். கோபப்பட ஆள் வேண்டுமே.

உன்னிடம் ஒரு சேதி. நான் மறுபடி கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன். அவர் பெயர் ஹெம்பெல், மரம் அறுக்கும் ஆலையில் வேலை. இளவேனிலில் என்னிடம் சட்டை துவைக்கக் கொண்டு வந்தவர், இப்போது என் வெள்ளாவிக் கொப்பரை அடுப்புக்கு விறகு பிளந்து தருகிறார். ப்ரூனோவைப் பற்றி அடிக்கடி கேட்பார். பெல்ஜியத்தில் எப்படிச் செத்தான், படையிலிருந்து என்ன சொன்னார்கள், கூட இருந்தவர்கள் யாராவது வந்து பார்த்தார்களா என்றெல்லாம். இறந்துபோன கணவனைப் பற்றி இவ்வளவு பொறுமையாகக் கேட்கும் ஆண்பிள்ளையை நான் பார்த்ததில்லை.

அவர் ப்ரஷ்யப் படையில், ரஷ்யப் போர்முனையில் இருந்தவராம். எந்த ரெஜிமெண்ட் என்று கேட்டால், “போனது போச்சு, விடு ஒட்டிலி” என்பார். அவருடைய கோட்டைத் தூசி தட்டும்போது உள்பையில், சீருடையில் அவர் நிற்கும் இந்தப் புகைப்படம் கிடைத்தது. நீயும் போருக்குப் போனவன்தானே, எந்த ரெஜிமெண்ட் என்று பார்த்துச் சொல். அந்த ரெஜிமெண்ட் எண்ணைத் தலையணை உறையில் பின்னிக் கல்யாணப் பரிசாகக் கொடுக்க ஆசை. படத்தைத் தொலைத்துவிடாதே.

உன் தங்கை
ஒட்டிலி


கெம்னிட்ஸ், 6 அக்டோபர் 1921

அன்புத் தங்கைக்கு,

அண்ணி நலம். எழுதாதது என் சோம்பல், அவளைத் திட்டாதே.

படத்தை ஜன்னலோரம் வைத்து, பூதக்கண்ணாடியால் பார்த்தேன். ஒட்டிலி, இவர் ப்ரஷ்யப் படைக்காரர் இல்லை. ப்ரஷ்யர்களின் பெல்ட் தகட்டில் ‘கடவுள் நம்மோடு’ என்று ஜெர்மனில் பொறித்திருக்கும். இதில் இருப்பது லத்தீன், நடுவில் நம் சாக்சனி அரசரின் கிரீடம். கழுத்துப்பட்டியில் சரிகை ஓடுகிறது, அதனால் சார்ஜெண்ட். பின்னால் தெரிவது ரஷ்யாவும் இல்லை. அந்த ஆற்றங்கரைப் பாறையை நான் மறக்க மாட்டேன். 1914 ஆகஸ்டில் எங்கள் படை அதன் கீழே நடந்து போயிற்று. பெல்ஜியம். கூரை எரிந்த வீடுகளில் அப்போதும் புகை இருந்தது.

தலைக்கவசத்தை மூடிய துணி உறையில் மூன்று இலக்க எண். நடு இலக்கம் மங்கல். தோள்பட்டையில் தெளிவாக இருக்கிறது. இரண்டு இடத்திலும் ஒரே எண்தான். அதை உனக்கு எழுதிக் காட்ட வேண்டியதில்லை. போருக்கு முன்பு ப்ரூனோ விடுப்பில் ஊருக்கு வந்தபோதெல்லாம் அதே எண் போட்ட சட்டையை நீதான் துவைத்தாய்.

ஏன் பொய் சொன்னார்? விசாரிக்கிறேன். அதுவரை அவரிடம் வாயைத் திறக்காதே.

அல்வின்


ஃப்ரைபெர்க், 9 அக்டோபர் 1921

அண்ணா,

ஒரு ரெஜிமெண்டில் ஆயிரக்கணக்கான பேர். பார்த்த கொடுமையை மறக்க ஒரு மனுஷன் ஊரை மாற்றிச் சொல்லக் கூடாதா? நீ ப்ரூனோவைக்கூட முதலில் வேண்டாம் என்றவன்தானே. எனக்கு யார் வாய்த்தாலும் உனக்குக் குற்றம்தான் தெரியும். படத்தைத் திருப்பி அனுப்பு.

ஒட்டிலி


கெம்னிட்ஸ், 15 அக்டோபர் 1921

என் ஒட்டிலி,

திட்டு, பரவாயில்லை. ஆனால் உட்கார்ந்து படி.

ப்ரூனோவின் கம்பெனியில் இருந்த குன்ஸே இங்கே ஒரு மதுக்கடையில் வருபவர்களின் கோட்டை வாங்கி மாட்டும் வேலை பார்க்கிறான். ஒரு கால் இல்லை. படத்தைக் காட்டினேன். கையில் வாங்கவே மாட்டேன் என்றான்.

“ஹெம்பெல். எங்க சார்ஜெண்ட். இந்த நாய் இன்னும் உயிரோட இருக்கானா?”

“ப்ரூனோவை இவருக்குத் தெரியுமா?” என்றேன்.

“தெரியுமாவா? ப்ரூனோ பெல்ஜியக்காரன் குண்டுல சாகலப்பா. இவன் குண்டுல செத்தான்.”

அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஆற்றோரம் ஒரு சிற்றூர். யாரோ வீட்டுக்குள்ளிருந்து சுட்டதாக வதந்தி. ஆண்களையெல்லாம் வெளியே இழுத்துத் தோல் பதனிடும் கொட்டடிச் சுவரோரம் நிறுத்தினார்கள். ஹெம்பெல் சுடச் சொன்னான். ப்ரூனோ துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, “இவங்க கையில ஒண்ணுமில்ல சார்ஜெண்ட். ஒருத்தன் கால்ல செருப்புகூட இல்ல” என்றானாம். ஹெம்பெல் கைத்துப்பாக்கியை எடுத்து அவன் வாயிலேயே சுட்டான். பிறகு மற்றவர்களைப் பார்த்துக் கத்தினான்: “பாத்தீங்களா? ஜன்னல்லேர்ந்து சுட்டு நம்மாளக் கொன்னுட்டானுங்க!”

“கண்ணால பாத்தும் நாங்க சுட்டோம். எல்லாரையும். விழுந்து துடிச்சவங்களைக் கத்தியால குத்தினோம். ப்ரூனோவுக்காகன்னு சொல்லிச் சொல்லிக் குத்தினோம்” என்றான் குன்ஸே.

சனிக்கிழமை ரயிலில் வருகிறேன். அதுவரை கதவைப் பூட்டிக்கொண்டு இரு. அவனிடம் எதையும் கேட்காதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

அல்வின்


ஃப்ரைபெர்க், 27 அக்டோபர் 1921

அன்புள்ள அண்ணா,

சனிக்கிழமை நீ வந்தபோது என்னால் பேச முடியவில்லை, தொண்டை வீங்கியிருந்தது. கட்டிலருகே உட்கார்ந்து நீ அழுததைப் பார்த்தேன். இப்போது எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த அன்று துவைக்கும் நாள். கொப்பரையில் துணிக்கான சோடாக் காரத்தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அவன் வந்தான். உருளைக்கிழங்கு சூப் ஊற்றிக் கொடுத்தேன். சாப்பிடும்போது கேட்டேன்:

“பெல்ஜியத்துல எந்த ஊர்ல இருந்தீங்க?”

கரண்டி நின்றது. “யார் சொன்னா?”

“உங்க பெல்ட்டு சொல்லிச்சு. ப்ரூனோவை ஏன் சுட்டீங்க?”

மறுக்கவில்லை, அண்ணா. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. “அவன் துப்பாக்கியைப் போட்டான். விட்டிருந்தா எல்லாரும் போட்டிருப்பானுங்க. உனக்கு எவ்வளவு தெரியும்னு பாக்கத்தான் முதல்ல வந்தேன், ஒட்டிலி. அப்புறம் உன்னை விட்டுப் போக மனசு வரல” என்றான்.

வெளியே போ என்றேன். அவன் எழுந்து என் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு மோதினான். “யார்கிட்ட சொன்ன? யார்கிட்டடி?” என்று கேட்டுக்கேட்டு மோதினான். பல் உடைந்து வாயெல்லாம் ரத்தம். கண் இருட்டியது. கைக்குக் கொப்பரையின் அகப்பை தட்டுப்பட்டது. மொண்டு அவன் முகத்தில் வீசினேன். பிடி விட்டது. தரையில் புரண்டு அலறினான், தோல் அவன் விரலோடு வந்தது. மறுபடி மொண்டு ஊற்றினேன். இரண்டாவது தேவையில்லை. தெரிந்தேதான் ஊற்றினேன்.

பிழைத்துவிட்டான்; கண் இரண்டும் போயிற்று. நேற்று போலீஸ்காரர் வந்தார். “பாவம், கால் தடுக்கிக் கொப்பரையில விழுந்தேன்னு அவரே சொல்லிட்டார். உங்களுக்கும் அடிபட்டிருக்கே, தூக்கப் போனீங்களா அம்மா?” என்றார். என்னைக் குற்றம் சொன்னால் காரணத்தையும் சொல்ல வேண்டியிருக்கும், அவனுக்குத் தெரியும். “அவர் விழல. நான்தான் ஊத்தினேன். ஏன்னு எழுதிக்கோங்க” என்றேன். எழுதிக்கொண்டார். குன்ஸே வந்து சாட்சி சொல்வானா என்று கேள். வராவிட்டாலும் என் வாக்குமூலம் மாறாது.

இன்னொன்றும் கேள். அந்த ஊரின் பெயர் என்ன?

ஏழு வருஷமாக அந்த ஜனங்களைச் சபித்து வந்திருக்கிறேன். அவர்களுடைய பெண்களும், முதல் குண்டைச் சுட்டவன் யாரென்று தெரியாமல் தங்களுக்குள் ஒருவரையொருவர் சந்தேகப்பட்டுக்கொண்டு இருப்பார்கள். உங்களில் யாரும் என் கணவனைச் சுடவில்லை, உங்கள் ஆண்களைச் சுட மாட்டேன் என்றதால்தான் அவன் செத்தான் என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டும். பிரெஞ்சு எழுதத் தெரிந்த பள்ளி ஆசிரியை ஒருத்தி ஒப்புக்கொண்டிருக்கிறாள். ஊரின் பெயர் மட்டும்தான் வேண்டும்.

ப்ரூனோவின் மனைவி
ஒட்டிலி