அப்பாவின் கோட்டில் ஒரு பள்ளம்

இன்று காலை ஈசிஜி எடுக்கப் படுக்க வைத்தார்கள். நெஞ்சில் தடவிய பசை சில்லென்றதும் உன் நினைவு வந்துவிட்டது. நீ கண்மூடி எட்டு மாதமாகிறது. உன் அப்பா விஷயத்தில் நான் செய்ய வேண்டியதைச் செய்யவே இல்லை. இப்போது எழுதவும் அசதியாகத்தான் இருக்கிறது.

எண்பதுகளின் நடுவில், நாம் வேலை பார்த்த கல்லூரிக்கு முதல் கம்ப்யூட்டர் வந்திருந்த சமயம். இதயத் துடிப்பை எண்களாக்கி, அதில் கலக்கும் இரைச்சலை நீக்குவது நம் இருவரின் வேலை. உனக்குச் சாப்பாடு கொண்டுவந்த அப்பாவை உட்காரவைத்துக் கைகளில் ஒயரைக் கட்டினோம். மில்லிலிருந்து ஓய்வு பெற்று, சாரம் பகுதியிலிருந்த உங்கள் வீட்டில் இருந்தவர். "ஷாக் அடிக்காதே?" என்று சிரித்தார்.

வந்த கோடு முழுக்க நடுங்கியது. கரண்டின் அதிர்வு, நொடிக்கு ஐம்பது முறை, அவர் துடிப்பின்மேல் ஏறியிருந்தது. ஒவ்வோர் எண்ணையும் அக்கம்பக்கத்து எண்களோடு சேர்த்துச் சராசரி எடுத்தால் நடுக்கம் அடங்கும். நான் அறுபது எண்களைச் சேர்த்தேன். கோடு வழவழவென்று வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நீ முதலில் வந்த கோட்டைப் பக்கத்தில் வைத்தாய்.

"ஒவ்வொரு துடிப்புக்கும் முன்னாடி இங்க ஒரு பள்ளம் இருக்குடி. உன் கோட்டுல காணோம்."

"அது இரைச்சல். விடுடி."

"இரைச்சல்னா எல்லாத் துடிப்புலயும் அதே எடத்துலயா வரும்?"

எனக்கு எரிச்சல். நீ பொறுமையாகக் கணக்குப் போட்டாய். நொடிக்கு ஐந்நூறு எண்கள் பதிவாயின. கரண்டின் ஓர் அலைக்குப் பத்து. பத்தை மட்டும் சராசரி எடுத்தால் அலையின் ஏற்றமும் இறக்கமும் கழிந்துபோகும். அப்படியே செய்தாய். நடுக்கம் போனது. பள்ளம் நின்றது. இதயத் தசை கெட்டால் இப்படிப் பள்ளம் விழும் என்று படித்திருந்த உன் முகம் வெளுத்தது.

"அப்பாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

வாயுப்பிடிப்பு என்று அவர் தள்ளிவிட்ட வலி, மாரடைப்பாம். அங்கேயே வைத்துக்கொண்டார்கள். அவர் வீடு திரும்பிய பிறகும் நான் பார்க்கப் போகவில்லை. நீதான் வந்து கூப்பிட்டாய்.

அப்பா என் கைகளைப் பிடித்துக்கொண்டு, "நீதாம்மா மெஷின்ல கண்டுபுடிச்ச. இல்லன்னா போய்ச் சேந்திருப்பேன்" என்றார். நான் உன்னைப் பார்த்தேன். நீ காபியை ஆற்றிக்கொண்டிருந்தாய்.

வெளியே வந்ததும் கேட்டேன். "ஏன்டி சொல்லல?"

"அவரு சந்தோஷமா இருக்காரு. உனக்கும் அது வேணும்போல இருந்துச்சு."

அதன்பின் பல வருடம் இருந்தார். எப்போது நான் போனாலும், முடியாத உடம்போடு நாற்காலியிலிருந்து எழுந்து நிற்பார். நீ பக்கத்திலேயே இருப்பாய். உட்காருங்கள் என்பேனே தவிர, கண்டது நான் இல்லை என்று ஒருநாளும் சொன்னதில்லை. உனக்கு வரவேண்டிய அந்த மரியாதையை இன்னும் நான்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.