துரையின் ஜாமீன்

1935 ஆகஸ்ட் 12, கோயம்புத்தூர்

அம்மாவை அடக்கம் செய்து ஒரு வாரமாகிறது. உயிரோடு முகம் பார்க்கக் கிடைத்தது, அது போதும். இனி சுமத்ராவுக்குத் திரும்ப வேண்டும். அங்கே மேடானில் என் மனைவி அமலி ஆஸ்பத்திரி நர்ஸ் வேலையையும் பார்த்துக்கொண்டு எங்கள் நாலு வயது மகள் அற்புதத்தையும் எப்படிச் சமாளிக்கிறாளோ.

ஆகஸ்ட் 13

கப்பல் ஏஜெண்டு லட்சுமிநாராயணன் என் குடியிருப்புச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஏனுங்க, இது ரப்பர் தோட்டத்து ஜாமீன்ல குடுத்ததுங்களே. இன்னும் அங்கதானுங்க வேலை?”

“இல்லீங்க. வர்றதுக்குக் கொஞ்சம் முந்தி அரிசி ஆலைக்கு மாறிப்போட்டேனுங்க. அங்கயும் இஞ்சின் ஃபிட்டர்தான்.”

“புது முதலாளி பேருக்குச் சீட்டை மாத்தினீங்களா?”

“அவரே பாத்துக்கறேன்னு சொன்னாருங்க.”

அவர் முகம் சரியில்லை. தந்தி கொடுத்துக் கேட்கிறேன் என்றார்.

ஆகஸ்ட் 21

தந்திக்குப் பதில் வந்தது. நான் திரும்பிப் போக முடியாதாம். நான் விலகிய கையோடு தோட்டம் ஜாமீனை விலக்கிக்கொண்டது. ஆலை முதலாளி ஒன்றும் செய்யவில்லை. அங்கேயே இருந்திருந்தால் மனு கொடுத்திருக்கலாம். வெளியே வந்துவிட்டவனுக்கு வழியில்லை.

தோட்டத்துத் துரை கூலிகள் பார்க்க என் கன்னத்தில் அறைந்தான். விலகினேன். வேறென்ன செய்ய? பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னிருக்கோணுமா? நின்னிருந்தா இந்நேரம் பிள்ளைகூட இருந்திருப்பேன்.

செப்டம்பர் 2

துரைக்கே எழுதினேன். மன்னிப்புக் கேட்டு, மறுபடி ஜாமீன் நிற்கச் சொல்லி. அறைந்தவனிடம்.

நவம்பர் 4

துரை பதில் போடவில்லை. அமலி எழுதியிருக்கிறாள். நாங்கள் இருந்தது ஆலை கொடுத்த வீடு. காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். நர்ஸ்கள் விடுதியில் குழந்தைகளை வைத்துக்கொள்ளக் கூடாது. ஆஸ்பத்திரி ஒப்பந்தம் முடிய இரண்டு வருஷத்துக்கு மேல் இருக்கிறது, நடுவில் விட மாட்டார்கள். ஊர் திரும்பும் இன்னாசிமுத்து குடும்பத்தோடு அற்புதத்தை அனுப்புகிறாள்.

1936 ஜனவரி 9

போத்தனூர் ஸ்டேஷன். இன்னாசிமுத்துவின் சம்சாரம் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள் என் பெண். விழித்ததும், “அம்மா அடுத்த ரயில்ல வருதா?” என்றாள்.

இன்னாசிமுத்து என்னைத் தள்ளி அழைத்துப் போய்ச் சொன்னார்: “கரை கண்ணுல இருந்து மறையற வரைக்கும் உங்கூட்டு அம்மணி சிரிச்சுக்கிட்டே நின்னுச்சுங்க. அழுதா பிள்ளை பயந்துக்கும்னு.”

ஜூன் 15

மில்லில் வேலை கிடைத்தது. மேஸ்திரி திட்டினார். பேசாமல் நின்றேன்.

1938 பிப்ரவரி 6

அடுத்த மாதம் அமலியின் ஒப்பந்தம் முடிகிறது. வீட்டுக்கு வெள்ளையடித்தேன். அற்புதம் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

மார்ச் 18

அமலி இன்னும் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

‘இந்த வேலையை விட்டால் என் சீட்டும் போய்விடும். பிறகு நினைத்தாலும் இங்கே வர முடியாது. உங்களுக்கு நடந்ததைப் பார்த்தபின் விடத் தைரியமில்லை. ஒரு வார்டையே என் பொறுப்பில் கொடுத்திருக்கிறார்கள். ஊரில் எனக்கு யார் கொடுப்பார்கள்? திட்டுங்கள். குழந்தையிடம் மட்டும் நல்லபடியாகச் சொல்லுங்கள்.’

என்னால் கோபப்பட முடியவில்லை. முடியலையா? முடியுது. ஒரு அறைக்காக நான் விட்டேன். எங்களுக்காகக்கூட அவ விட மாட்டேங்கறா. விட்டா என்ன ஆகும்னு அவளுக்குக் காட்டினதே நான்தானே.

மார்ச் 20, ஞாயிறு

பூசை முடிந்து வரும் வழியில் அற்புதத்திடம் சொன்னேன்.

“அம்மாவுக்கு அங்க லீவு குடுக்க மாட்டாங்களாப்பா?”

“மாட்டாங்க கண்ணு.”

என் விரலைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். தெருமுனையில் பக்கத்து வீட்டுச் சின்னத்தாயி எதிரே வந்தார்.

“ஏங் கண்ணு, ஊடெல்லாம் வெள்ளையடிச்சாச்சு. அம்மா எப்ப வருது?”

நான் வாயைத் திறப்பதற்குள் அற்புதம் சொன்னாள்:

“எங்கூட்ல நானும் எங்கப்பாவுந்தானுங்க.”