எனக்கும் ஒரு பெல்லட் கிரில்

செடாலியா, மிசூரி
அக்டோபர் 19

என் கண்ணு ஜனெல்,

நான் இங்கே சுகம்தான், வலது முழங்கால் மட்டும் மழைக்கு முந்தின நாளே முனக ஆரம்பித்துவிடுகிறது. அலாஸ்கா குளிருக்கு ஏற்றபடி உடுத்தி, வேளைக்குச் சாப்பிட்டு, ஆஸ்பத்திரியில் இரவு ஷிப்ட் முடிந்ததும் நேரே போய்த் தூங்குகிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் இதை எழுத உட்கார்ந்தேன், அப்படி இல்லையென்றால் எனக்குத் தெரியவேண்டாம். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் உன் பக்கம் பாதிப் பேச்சு காற்றில் போய்விடுகிறது, தவிர இதை நீ குறுக்கே பேசாமல் கேட்கவேண்டும். உன் தம்பி கிளின்ட் நன்றாக இருக்கிறான், போன வாரம் வந்து கொட்டகைக் கூரை ஒழுகலை அடைத்துவிட்டுப் போனான். அவன் பெண் ப்ரின்லி பள்ளியில் கிளாரினெட் ஊதக் கற்கிறாள், அவள் ஊத ஆரம்பித்தால் அவர்கள் வீட்டுப் பூனை கட்டிலுக்கடியில் போய்விடுகிறதாம். பக்கத்து வீட்டு வால்நட் மரத்தை வெட்டிவிட்டார்கள், சமையலறையில் இப்போது வெளிச்சம் அதிகம், தூசியும் நன்றாகத் தெரிகிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஆகஸ்டில் டார்லாவின் பிறந்தநாளுக்கு நீ ஒரு வாழ்த்து அட்டை அனுப்பினாய் அல்லவா, அது உன் அப்பா வீட்டு பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. ஐஸ் வைக்கப் போனவள் அங்கேயே நின்று மூன்று தடவை படித்தேன். "வடக்கே இருக்கும் உங்கள் மகள்" என்று முடித்திருந்தாய். எனக்கு அனுப்பிய அட்டையில் "ஜனெல்" என்று மட்டும் இருக்கிறது, வீட்டுக்கு வந்து எடுத்துப் பார்த்துக்கொண்டேன். அவள் உனக்குக் கையுறை பின்னி அனுப்பினாள், நீ மரியாதைக்கு எழுதினாய், அது எனக்குத் தெரியும். உன் அப்பாவும் நானும் பிரிந்து ஆறு வருடம் ஆகிறது, டார்லா அவரோடு சேர்ந்தது அதற்கு மூன்று வருடம் கழித்துத்தான், அவள் என்னிடமிருந்து யாரையும் பறிக்கவில்லை. உன் அப்பா ராய்ஸை அவளே வைத்துக்கொள்ளட்டும், எனக்கு அந்த விஷயத்தில் ஒரு வருத்தமும் கிடையாது. என் வருத்தம் ஞாயிற்றுக்கிழமையைப் பற்றியது.

மே மாதம் வரைக்கும் ஞாயிறு மத்தியானம் சர்ச் முடிந்ததும் எல்லோரும் என் வீட்டுக்குத்தான் வருவார்கள், பொரித்த கோழி, உருளைக்கிழங்கு சாலட், பீன்ஸ். மே மாதம் டார்லா கட்டைத் துண்டு போட்டுக் கறி சுடும் அந்த பெல்லட் கிரில் அடுப்பை வாங்கினாள். முதல் ஞாயிறு சும்மா பார்க்கப் போகிறோம் என்றான் கிளின்ட். அடுத்த ஞாயிறு விலா எலும்புக் கறி போடுகிறாள் என்றான். ஜூலைக்குள் என் வீட்டுப் பெரிய பாத்திரங்களில் சிலந்தி கூடு கட்டாத குறை. என்னையும் கூப்பிடாமல் இல்லை, ஒவ்வொரு ஞாயிறும் டார்லா தானே போன் செய்வாள். நான் சாலட் கொண்டுவரட்டுமா என்று கேட்டால், "ஐயோ, உங்களுக்கு எதுக்குச் சிரமம், எல்லாம் இங்கயே இருக்கு, வேணும்னா ஒரு பை ஐஸ் வாங்கிட்டு வந்துடுங்க" என்பாள். நாற்பது வருடம் சமைத்தவளை ஐஸ் வாங்கிவரச் சொல்கிறாள். அதையும் வாங்கிக்கொண்டு போவேன், போய் உட்கார்ந்து தின்பேன், அது நன்றாக வேறு இருக்கும். பன்றித் தோள்கறி முட்கரண்டி பட்டாலே பிரிந்து விழும். "காலையில வெச்சுட்டு மறந்துடலாம், அதுவே பாத்துக்கும்" என்று அவள் சொல்லும்போது எனக்கு வாயில் இருக்கும் கறி கசக்கும்.

அதனால் நானும் ஒன்று வாங்குவது என்று முடிவு செய்து பிளெட்சர் கடைக்குப் போனேன், அவளுடையதைவிடப் பெரியதாக வேண்டும் என்பது ஒன்றுதான் என் கணக்கு. அதற்கு முந்தின ஞாயிறே அவள் கிரில்லின் நீளத்தை யாரும் பார்க்காதபோது முழம் போட்டு வைத்திருந்தேன், சிரிக்காதே. கடைக்கார டெல்பர்ட் என்னை நன்றாக அறிந்தவர், "எத்தனை பேருக்குச் சமைப்பீங்கம்மா" என்று கேட்டார், இருபத்தைந்து பேருக்கு என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு வரிசையாகக் காட்டினார். பக்கத்தில் ஒரு பெட்டி, அதில் மரத்தூளை அழுத்திச் செய்த சுண்டுவிரல் நுனியளவு கட்டைத் துண்டுகளைக் கொட்டவேண்டும், அடியில் இருக்கும் திருகு கொஞ்சம் கொஞ்சமாக நெருப்புக்குத் தள்ளும், விசிறி ஊதும், எத்தனை சூடு வேண்டுமோ அந்த எண்ணை வைத்துவிட்டால் போதும். ஹிக்கரி மரத் துண்டு பன்றிக்கறிக்கும் ஆப்பிள் மரத் துண்டு கோழிக்கும் என்றார். சிலதில் பெட்டி சின்னது, நடுவில் துண்டு தீர்ந்துபோகும், சிலதில் கொழுப்பு வடியும் வாளி பின்னால், குனிந்து எடுக்கவேண்டும், என் முழங்காலுக்கு ஆகாது. கடைசியில் கடை வாசலில் நிறுத்தியிருந்த, சவப்பெட்டி அளவுக்கு இருந்த ஒன்றின் மேல் கையை வைத்து இது என்றேன். "நல்லாத்தான் இருக்கு, ஆனா ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க, இது எல்லாமே கரண்ட்ல ஓடுறது. ப்ளக்கைப் புடுங்கிட்டா வெறும் இரும்புப் பெட்டி. நாலு நாள் யோசிச்சுட்டு வாங்க" என்றார் டெல்பர்ட். நான் யோசிக்கத்தான் வீட்டுக்கு வந்தேன், ஆனால் அவர் சொன்னதில் ஒரே ஒரு வாக்கியம்தான் மண்டையில் நின்றது.

செப்டம்பர் இரண்டாவது சனிக்கிழமை ப்ரின்லிக்குப் பத்தாவது பிறந்தநாள், உன் அப்பா வீட்டுப் பின்முற்றத்தில். டார்லா விடியற்காலையிலேயே இரண்டு பெரிய தோள்கறியை உள்ளே வைத்திருந்தாள். நான் பதினொரு மணிக்கு ஐஸோடு போய்ச் சேர்ந்தேன். அந்த அட்டையைப் படித்தது அன்றைக்குத்தான். பிரிட்ஜை மூடிவிட்டு வெளியே வந்தேன், கிரில்லுக்குப் பக்கத்தில் யாரும் இல்லை, எல்லோரும் முன்பக்கம் பலூன் கட்டிக்கொண்டிருந்தார்கள். வயர் கராஜ் சுவரோரம் ஓடி உள்ளே போனது. நான் குனிந்து ப்ளக்கைப் பிடுங்கினேன் ஜனெல். கால் தடுக்கவில்லை, இடறவில்லை, கையால் பிடித்து இழுத்தேன். விசிறிச் சத்தம் அடங்கியது. பிறகு நானும் போய் பலூன் ஊதினேன். அடுத்த மூன்று மணி நேரமும் நான் சந்தோஷமாக இருந்தேன், உன்னிடம் பொய் சொல்லமாட்டேன், இந்தக் கோடை முழுக்க அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

இரண்டரை மணிக்கு டார்லா மூடியைத் திறந்தாள். உள்ளே கை வைக்கலாம் போல் ஆறிக் கிடந்தது, கறி பாதி வெந்து சாம்பல் நிறத்தில், அத்தனை நேரம் வெதுவெதுப்பில் கிடந்ததை யாருக்கும் கொடுக்கமுடியாது, நர்ஸான உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. முப்பது பேர் தட்டோடு நிற்கிறார்கள். வயரைத் தேடிப்போய்க் கழன்று கிடப்பதைக் கண்டது உன் அப்பா. எல்லோர் முன்னாலும் டார்லா பக்கம் திரும்பினார். "ஒரு வேலை. ஒரே ஒரு வேலை உன்கிட்ட விட்டேன். காலையில இந்த வழியா நீதானே நடந்த, கால்ல இழுத்துட்டு உன் பாட்டுக்குப் போயிருக்க. கண்ணு எங்க வெச்சிருந்த" என்றார். அவர் கத்தவில்லை, நிதானமாக, பல்லைக் கடித்துக்கொண்டு, பக்கத்தில் நிற்பவர்களுக்கு மட்டும் கேட்கிற அந்தக் குரல் உனக்கும் தெரியும். இருபத்தேழு வருடம் அந்தக் குரலுக்கு முன்னால் நான் எப்படி நின்றேனோ அதே மாதிரி டார்லா நின்றாள், கையில் இடுக்கி, பார்வை தரையில். "நானாத்தான் இருக்கும், தெரியலீங்க" என்று மட்டும் சொன்னாள். நான் என் தட்டைக் கொண்டுபோய் மேஜையில் வைத்தேன். கிளின்ட் பீட்சா வரவழைத்தான், ப்ரின்லி கைதட்டினாள், அவளுக்கு ஆரம்பத்திலிருந்தே பீட்சாதான் வேண்டுமாம். டார்லா கராஜுக்குள் போய்க் கொஞ்ச நேரம் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை உன் அப்பா வேலைக்குப் போன நேரம் பார்த்துப் போனேன். அவள் கிரில்லின் அடித்தட்டுகளைக் கழற்றி வைத்து வாக்யூமால் சாம்பலை உறிஞ்சி எடுத்துக்கொண்டிருந்தாள், என்னைப் பார்த்ததும் இயந்திரத்தை நிறுத்தினாள். நான் உட்காரவில்லை. ப்ளக்கைப் பிடுங்கியது நான்தான், வேண்டுமென்றே செய்தேன், எனக்குப் பொறாமை என்று சொன்னேன். அவள் கையிலிருந்த சாம்பலைத் துடைத்தாள். அவள் என்னைத் திட்டுவாள் என்று தயாராகப் போயிருந்தேன். அவள் கேட்டது ஒன்றுதான். "அவர் என்னை அப்படிப் பேசுவார்னு உங்களுக்குத் தெரியும்ல. இந்த ஊர்ல என்னைவிட உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும்." நான் கறியை மட்டும்தான் நினைத்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன், அது உண்மையா என்று எனக்கே தெரியவில்லை, அதனால் சொல்லவில்லை. "போயிடுங்க வெர்னா. இன்னிக்கு என்னால உங்ககூடப் பேச முடியாது" என்றாள்.

பத்துப் பன்னிரண்டு நாள் பேச்சில்லை. அந்த இரண்டு ஞாயிறும் முழங்கால் வலி என்று நான் போகவில்லை. பிறகு ஒரு நாள் காலை போன் வந்தது, சௌக்கியமா என்றுகூட அவள் கேட்கவில்லை. "கிளின்ட் சொன்னான், பிளெட்சர் கடை வாசல்ல நிக்குதே அந்தப் பெருசை வாங்கப் போறீங்களாமே. வாங்காதீங்க. மூடித் தகடு மெல்லிசு, நவம்பர் காத்துல சூடு நிக்காது, துண்டை மூட்டை மூட்டையாத் தின்னும். உள்ள ரெண்டாவது வரிசையில கறுப்பா நடுத்தரமா ஒண்ணு இருக்கு, வாளி முன்னாடி, பெட்டியில மிச்சம் இருக்கிற துண்டைக் கீழ திறந்து கொட்டிக்கலாம். அதை எடுங்க. மழையில துண்டு நனைஞ்சா ஊறிப்போய்த் திருகுல சிக்கிக்கும், மூடிபோட்ட டப்பாவில வைங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். நான் கடைக்குப் போய் அவள் சொன்னதற்கு எதிராக எதையாவது வாங்கவேண்டும் என்று அரைமணி நேரம் ஒவ்வொரு மூடியாகத் தூக்கிப் பார்த்தேன். அந்தக் கறுப்புக்குத்தான் மூடி கனமாக இருந்தது. அதையே வாங்கினேன். விலையை எழுதமாட்டேன், நீ திட்டுவாய்.

போன ஞாயிறு எல்லோரையும் என் வீட்டுக்குக் கூப்பிட்டேன், உன் அப்பாவையும் டார்லாவையும் சேர்த்துத்தான். தோள்கறி நன்றாக வந்தது, அவள் சொன்ன அடுப்பில் நன்றாக வந்தது என்பதுதான் வயிற்றெரிச்சல். குழந்தைகள் முற்றத்தில் இருந்தார்கள், மேஜையில் நாங்கள் ஐந்து பேர், கிளின்டும் அவன் மனைவியும் சேர்த்து. உன் அப்பா ரொட்டிக்குள் கறியை வைத்துக்கொண்டே, "வெர்னா, வயரை நல்லா ஒதுக்கி வெச்சியா, டார்லா வந்திருக்கா, கால்ல இழுத்துடப் போறா" என்றார். பிறந்தநாளிலிருந்து இதையே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். டார்லா தட்டைப் பார்த்துக்கொண்டு சிரித்தாள், ஒரு மாதமாக அவள் யாரிடமும், கிளின்டிடம்கூட, நான்தான் செய்தேன் என்று ஒரு வார்த்தை விடவில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நான் முட்கரண்டியைக் கீழே வைத்தேன். அன்றைக்கு வயரைப் பிடுங்கியது டார்லா இல்லை, நான், கையாலேயே பிடுங்கினேன், அவள் வீட்டுக்கே போய் அவளிடம் சொல்லியும் விட்டேன், இத்தனை நாளாக என் பழியை அவள் சுமக்கிறாள் என்றேன். கிளின்ட் மெல்லுவதை நிறுத்திவிட்டு, "அம்மா, நீயா" என்றான். உன் அப்பா என்ன செய்தார் தெரியுமா, நாற்காலியில் சாய்ந்து வயிற்றைத் தடவிக்கொண்டு முகமெல்லாம் சிரிப்பு. "அடிப்பாவி வெர்னா, ஆறு வருஷம் ஆகியும் என் மேல இவ்வளவு ஆசையா" என்றார்.

டார்லா தலையை நிமிர்த்தாமலே சொன்னாள், "உங்க மேல இல்ல ராய்ஸ். பன்றிக்கறி மேல." கிளின்டின் மனைவி குடித்த ஐஸ் டீயைத் துப்பிவிட்டாள். கிளின்ட் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தான், நானும் கண்ணில் நீர் வரச் சிரித்தேன், டார்லாவும் சிரித்தாள், உன் அப்பா மட்டும் ரொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளிடம் மன்னிப்புக் கேட்டாரா என்று நீ கேட்பாய், இல்லை. ஆனால் வயர் பேச்சு அதோடு நின்றது. கிளம்பும்போது டார்லா என் கையைப் பிடிக்கவில்லை, கட்டிக்கொள்ளவும் இல்லை, "உப்பு ஒரு சிட்டிகை தூக்கல்" என்றாள், அது உண்மைதான். நாங்கள் சிநேகிதிகள் ஆகிவிட்டோம் என்று நீ எண்ணிக்கொள்ளாதே. அன்று ராத்திரி பாத்திரம் கழுவி முடிக்கும்வரை என் மனதில் ஓடியது ஒன்றுதான், இருபத்தேழு வருடத்தில் அப்படி ஒரு பதில் எனக்கு ஒரு தடவையாவது வாயில் வரவில்லையே, அவளுக்கு மூன்றே வருடத்தில் வந்துவிட்டதே. கிரில்லைப் பார்த்துப் பட்ட பொறாமை ஒன்றும் இல்லை, இது அதைவிட எரிகிறது.

நவம்பரில் நன்றி நாள் விருந்துக்கு நீ வருவதைப் பற்றி அவளும் நானும் போனில் பேசிவிட்டோம். வியாழன் வான்கோழி அவள் வீட்டில், வெள்ளியும் சனியும் என் வீட்டில். வியாழனை அவளுக்கு விட்டுக்கொடுத்தேன், அதற்கு மேல் என்னிடம் எதிர்பார்க்காதே. நீ இதைப் படித்துவிட்டு என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் நேரில் வந்து சொல், எழுதாதே. போகிற வருகிற பாதையெல்லாம் கடவுள் உனக்குத் துணையாக இருக்கட்டும், உன் கைபடும் நோயாளிகள் எழுந்து நடக்கட்டும், உனக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். விமான டிக்கெட் எடுத்ததும் நேரத்தைத் தெரியப்படுத்து, ஃப்ளூ காய்ச்சல் தடுப்பூசியை நீயும் போட்டுக்கொள், மற்றவர்களுக்குப் போட்டுவிட்டு உனக்கு மறந்துவிடும். வந்தால் இரண்டு வீட்டிலும் ஒரே அளவு சாப்பிடு. நான் பார்த்துக்கொண்டிருக்கமாட்டேன் என்று டார்லாவிடம் சொல்லியிருக்கிறேன், ஆனால் பார்ப்பேன்.

உன் மேல் உயிரையே வைத்திருக்கும்
அம்மா வெர்னா